ஒரே தாச்சியில் இறைச்சியும் உருளைக்கிழங்கும்: சமையலறையில் ஒரு விஞ்ஞானப் பாடம்

(உயர்தர உயிரியல் விஞ்ஞானப் பிரிவு மாணவி ஒருவர் எழுதியது)



என் வாப்பா கத்தாரில் ஒரு ஹோட்டலின் சமையற்கூடத்தில் வேலை செய்கிறார். அவர் சமையற்காரர் அல்லர். பீங்கான் கழுவுவதும், சமைத்த உணவை வாசல் வரை தூக்கிக் கொடுப்பதும் அவருடைய வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆறு வாரம் வீட்டுக்கு வருவார். கடந்த முறை வந்தபோது, "ஸ்டேக் என்ற சாமான நான் எத்தனையோ ஆயிரம் பீங்கான் தூக்கிக் குடுத்திருக்கன், ஒரு துண்டு தின்டு பார்த்ததில்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் அதைப் பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அது பகிடியாகப் படவில்லை. அடுத்த நாளே செய்து கொடுப்பதென்று முடிவு செய்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாளில் பங்காக வந்த மாட்டிறைச்சி குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் இருந்தது. அரைகுறையாக இளகிய இறைச்சியில் உப்பும் மிளகும் தடவி, பத்து நிமிடம் வைத்து, அலுமினியச் சட்டியில் எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகப் போட்டேன். 'சர்' என்ற சத்தம் சிறிது நேரத்திலேயே அடங்கிவிட்டது. சட்டியில் தண்ணீர் ஊறியது. இறைச்சி பொரியாமல் சாம்பல் நிறத்தில் அவிந்தது. வெட்டிப் பார்த்தால் நடுவில் சிவப்பு நீர். கடித்தால் செருப்புத் தோல். உம்மா சிவப்பைக் கண்டதும் பீங்கானை நகர்த்திவிட்டார். வாப்பா மட்டும் ஒன்றும் பேசாமல் முழுத் துண்டையும் மென்று முடித்தார். அவருடைய தாடை வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்றிரவு என் குறிப்புப் புத்தகத்தில் நான்கு கேள்விகளை எழுதினேன். இறைச்சி ஏன் கடினமாயிற்று? அந்தச் சிவப்பு நீர் என்ன? ஏன் பொன்னிறமாகப் பொரியவில்லை? சட்டியில் பிழையா, என்னில் பிழையா? நாம் உயர்தர வகுப்பில் படிக்கும் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றுமே இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை வைத்திருக்கின்றன. அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இறைச்சி ஏன் கடினமாயிற்று?

நாம் இறைச்சி என்று சொல்வது விலங்கின் தசை. அதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நீர். ஐந்தில் ஒரு பங்கு புரதம். தசை நார்களைக் கட்டுக்கட்டாகப் பிணைத்து வைத்திருப்பது தொடுப்பிழையம். அதன் முக்கிய புரதம் கொலாஜன். விலங்கு எந்தத் தசையை அதிகம் பயன்படுத்துகிறதோ, அந்தத் தசையில் தொடுப்பிழையமும் அதிகம். நடக்கும் கால், பாரம் தாங்கும் தோள், கழுத்து ஆகியவற்றின் இறைச்சி கடினமாக இருப்பது இதனால்தான். முதுகெலும்பின் கீழே உட்புறமாக அமைந்த தசைக்கு வேலை மிகக் குறைவு. நமது இறைச்சிக் கடைகளில் 'அண்டர்கட்' என்று கேட்டால் கிடைப்பது அதுவே.

வெப்பம் ஏறும்போது இறைச்சியில் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. ஏறக்குறைய 50 பாகை செல்சியசிலிருந்து தசைநார்ப் புரதங்கள் தம் அமைப்பை இழந்து சுருங்கத் தொடங்குகின்றன. 60 பாகையைத் தாண்டியதும் கொலாஜனும் சுருங்கி, ஈரத் துணியைப் பிழிவதுபோல நீரை வெளியே தள்ளுகிறது. இது இறைச்சியை உலரச் செய்யும் மாற்றம். மற்றது, 70 பாகைக்கு மேல் நீண்ட நேரம் வைத்திருந்தால் கொலாஜன் கரைந்து ஜெலற்றினாக மாறுவது. இது இறைச்சியை மென்மையாக்கும் மாற்றம். ஆனால் இதற்கு மணித்தியாலக் கணக்கில் நேரம் வேண்டும்.

ஆகவே இறைச்சியில் இரண்டு வகை, சமையலிலும் இரண்டு வழி. கொலாஜன் குறைந்த துண்டைப் பெருந்தீயில் சில நிமிடங்களில் இறக்கிவிட வேண்டும். கொலாஜன் கூடிய துண்டை மெல்லிய தீயில் நீண்ட நேரம் கறியாக வேகவிட வேண்டும். நான் செய்த பிழை, கறிக்குரிய கால் இறைச்சியை ஸ்டேக் ஆக்கப் பார்த்தது. அதற்கு உம்மாவின் இறைச்சிக் கறியே சரியான இடம்.

அண்டர்கட் விலை கூடியது. எல்லோராலும் எப்போதும் வாங்க முடியாது. அப்படியானால் நம் மூத்தவர்கள் காட்டிய வழி ஒன்று உண்டு. பச்சைப் பப்பாசிக்காயின் பாலில் பப்பாயின் என்ற நொதியம் இருக்கிறது. அது புரதச் சங்கிலிகளை வெட்டும் நொதியம். சாதாரண இறைச்சியை அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் மெல்லியதாக வெட்டி, துருவிய பப்பாசிக்காய் ஒரு தேக்கரண்டி பூசி அரை மணி நேரம் வைத்தால் போதும். அதற்கு மேல் வைத்தால் வெளிப்புறம் கூழாகிவிடும்.

எந்தத் துண்டானாலும் நார் ஓடும் திசைக்குக் குறுக்காகவே வெட்ட வேண்டும். நீள நார்களைக் கத்தி முன்கூட்டியே குறுக்கிவிட்டால் பல்லுக்கு வேலை குறைவு. என் உம்மும்மாவுக்குக் கடைவாய்ப் பல் இல்லை. குறுக்காக வெட்டிய துண்டை அவர் உண்டார், நீளவாக்கில் வெட்டியதை உண்ண முடியவில்லை. இரண்டும் ஒரே இறைச்சிதான்.

2. அந்தச் சிவப்பு நீர் என்ன?

உம்மா பீங்கானை நகர்த்தியதற்குக் காரணம், அதை இரத்தம் என்று நினைத்ததே. நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் முறைப்படி அறுக்கும்போது இரத்தம் வடிந்து வெளியேறிவிடுகிறது. தசைக்குள் இருக்கும் சிவப்பு, மயோகுளோபின் என்ற புரதத்தின் நிறம். குருதியில் ஒட்சிசனைக் காவுவது ஈமோகுளோபின். தசைக் கலங்களுக்குள் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருப்பது மயோகுளோபின். இரண்டிலும் இரும்பு அடங்கிய ஹீம் கூட்டம் இருப்பதால் நிறமும் ஒத்திருக்கிறது. இறைச்சியின் நீரில் மயோகுளோபின் கரைந்து வடிவதையே நாம் இரத்தம் என்று தவறாக எண்ணுகிறோம். கோழியின் நெஞ்சிறைச்சியில் மயோகுளோபின் குறைவு. அதனால் அது வெளிறித் தெரிகிறது.

ஏறக்குறைய 60 பாகைக்கு மேல் மயோகுளோபின் அமைப்பை இழந்து சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகவும், பின்னர் கபிலமாகவும் மாறுகிறது. மேலைநாட்டுச் சமையலில் நடுப்பகுதி சிவந்திருக்கும்போதே இறக்குவது வழக்கம். நம் வீடுகளில் அந்த வழக்கம் இல்லை. விஞ்ஞானக் காரணத்தைச் சொன்னபின் உம்மாவின் சங்கடம் குறைந்தது. ஆனாலும் "எனக்கு நல்லா வெந்தாத்தான் இறங்கும்" என்றார். அது அவருடைய விருப்பம். ஆகவே கீழே நான் தரும் செய்முறை சிவப்பில்லாமல், அதேநேரம் உலர்ந்தும் போகாமல் இறக்கும் முறையாகும்.

3. ஏன் பொன்னிறமாகவில்லை?

இக்கேள்விக்கு முதல் குறிப்பைத் தந்தவர் வாப்பாதான். "அங்க குக்மார் இறைச்சியப் போட முந்தி பேப்பரால ஒத்தி ஒத்தித் துடைப்பாங்க மகள், ஏன் எண்டு எனக்குத் தெரியாது" என்றார். ஏன் என்று நான் தேடினேன்.

பொரித்த இறைச்சியின் கபில நிறத்தையும் மணத்தையும் தருவது மயிலாட் தாக்கம். பிரெஞ்சு இரசாயனவியலாளர் லூயி கமீல் மயிலாட் 1912ஆம் ஆண்டு இதை விளக்கினார். அமினோ அமிலங்களும் தாழ்த்தும் வெல்லங்களும் வெப்பத்தில் தாக்கமுற்று, மணமும் நிறமும் உடைய நூற்றுக்கணக்கான புதிய சேர்வைகளை உண்டாக்குகின்றன. அமெரிக்க இரசாயனவியலாளர் ஜோன் ஹொட்ஜ் 1953இல் இத்தாக்கத்தின் படிமுறைகளை ஒழுங்குபடுத்திக் காட்டினார். பாணின் மேலோடு, வறுத்த கோப்பி, பொரித்த உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் இதுவே நடக்கிறது. இது விரைவாக நடக்க ஏறக்குறைய 140 பாகை வெப்பநிலை தேவை.

இங்கேதான் நீர் குறுக்கே நிற்கிறது. மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை அதன் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டாது. ஒரு கிராம் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர 294 யூல் போதும். ஆனால் அதை ஆவியாக்க 2260 யூல் வேண்டும். அதாவது ஏழரை மடங்கிற்கும் மேல். சட்டியின் வெப்பம் இறைச்சியைப் பொன்னிறமாக்கச் செல்லாமல் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. ஹோட்டலில் பேப்பரால் துடைப்பது இதற்காகவே.

உப்பிலும் நேரக்கணக்கு உண்டு. உப்புத் தூவியதும் பிரசாரணத்தால் நீர் வெளியே வரும். பத்து நிமிடத்தில் மேற்பரப்பு நனைந்திருக்கும். நான் சட்டியில் போட்டது சரியாக அந்த நேரத்தில்தான். நாற்பது நிமிடம் விட்டால் அந்த உப்புநீரின் பெரும்பகுதி மீண்டும் உள்ளே செல்லும். ஆகவே நாற்பது நிமிடம் முன்பு உப்பிட வேண்டும். நேரமில்லையென்றால் தாச்சியில் போடும் அந்தக் கணத்தில் உப்பிட வேண்டும். இடைப்பட்ட நேரம் கூடாது.

பெருந்தீயில் மேற்பரப்பைப் பொரித்தால் 'சாறு உள்ளே பூட்டப்படும்' என்று பல சமையற் புத்தகங்களில் காண்கிறோம். 19ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஜேர்மனிய இரசாயனவியலாளர் லீபிக் பரப்பிய கருத்து அது. பிற்காலச் சோதனைகள் அது தவறென்று காட்டின. இதை நிரூபிக்க ஆய்வுகூடம்கூடத் தேவையில்லை. பொரியும்போது கேட்கும் அந்தச் 'சர்' சத்தமே நீர் வெளியேறி ஆவியாகும் சத்தம்தான். சாறு பூட்டப்பட்டிருந்தால் சத்தம் எங்கிருந்து வரும்? பெரிய விஞ்ஞானி சொன்னதாலேயே ஒரு கருத்து இவ்வளவு காலம் நின்றது என்பது நமக்கும் ஒரு படிப்பினை.

4. சட்டியில் பிழையா?

ஓரளவு ஆம். எங்கள் வீட்டில் உம்மும்மா காலத்து இரும்புத் தாச்சி ஒன்று உண்டு. நிறுத்துப் பார்த்தேன், ஏறக்குறைய 2 கிலோகிராம். அலுமினியச் சட்டி அரைக் கிலோகிராம். இரும்பின் தன்வெப்பக் கொள்ளளவு ஏறக்குறைய 450, அலுமினியத்துடையது 900 (அலகு: கிலோகிராமுக்கு, கெல்வினுக்கு யூல்). தனியாகப் பார்த்தால் அலுமினியமே சிறந்தது போலத் தோன்றும். ஆனால் திணிவால் பெருக்கிப் பாருங்கள். இரும்புத் தாச்சியின் வெப்பக் கொள்ளளவு கெல்வினுக்கு 900 யூல். அலுமினியச் சட்டியினது கெல்வினுக்கு 450 யூல். பாதிதான்.

இரண்டையும் 220 பாகைக்குச் சூடாக்கி, 15 கிராம் நீர் ஒட்டியிருக்கும் இறைச்சியை வைப்பதாக எடுத்துக்கொள்வோம். அந்த நீரைச் சூடாக்கி ஆவியாக்க வேண்டியது ஏறக்குறைய 38,300 யூல். அடுப்பிலிருந்து வரும் வெப்பத்தையும் இறைச்சி எடுக்கும் வெப்பத்தையும் விட்டுவிட்டுக் கணித்தால், இரும்பு 43 பாகை குறைந்து 177இல் நிற்கும். அலுமினியம் 85 பாகை குறைந்து 135க்கு வந்துவிடும். முன்னே சொன்ன 140ஐ நினைவுகூருங்கள். ஒன்றில் தாக்கம் விரைவாகத் தொடர்கிறது, மற்றதில் மந்தமாகிறது. என் சட்டியில் சத்தம் அடங்கியதன் பௌதிகவியல் இதுதான். எல்லாத் துண்டையும் ஒரேயடியாகப் போட்டது அந்த வீழ்ச்சியை இன்னும் கூட்டியிருக்கும்.

இரும்புத் தாச்சி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். துண்டுகளை நன்கு துடைத்து, இரண்டிரண்டாகப் பொரித்தால் தடித்த அடியுள்ள எந்தச் சட்டியும் உதவும். ஆனால் ஒட்டாத பூச்சுள்ள சட்டியை வெறுமையாகப் பெருந்தீயில் வைக்காதீர்கள். 260 பாகையளவில் அப்பூச்சு சிதையத் தொடங்கி நச்சுப் புகை வெளிவரும்.

5. உருளைக்கிழங்கின் பக்கம்

தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளில் பிறந்த உருளைக்கிழங்கு, இன்று நம் நாட்டில் நுவரெலியா, பதுளை, யாழ்ப்பாணம் ஆகிய மாவட்டங்களில் விளைகிறது. அதன் மாப்பொருள் மணிகள் 60 முதல் 70 பாகையில் நீரை உறிஞ்சி வீங்கி மென்மையாகின்றன. ஆனால் வெளிப்புறம் மொறுமொறுப்பாக 140 பாகை வேண்டும். பச்சையாகவே எண்ணெயில் போட்டால் வெளியே கருகும், உள்ளே வேகாது. முதலில் நீரும் மூடியும், பிறகு எண்ணெயும் திறந்த தாச்சியும் என்பதே இதற்கு வழி. நீர் இருக்கும்வரை 100 பாகையில் உள்ளே வேகும். நீர் வற்றியதும் வெப்பநிலை ஏறி வெளியே பொன்னிறமாகும். இறைச்சிக்கு எதிரியாக இருந்த நீர் கிழங்குக்கு உதவியாளன் ஆகிறது.

பொரிக்கவிருக்கும் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் மாப்பொருளின் ஒரு பகுதி வெல்லமாக மாறும். அந்த வெல்லமும் கிழங்கிலுள்ள அஸ்பரஜீன் என்ற அமினோ அமிலமும் 120 பாகைக்கு மேல் சேர்ந்து அக்ரிலமைட் என்ற தீங்கான சேர்வையை உண்டாக்கும். உணவில் இது உண்டாவதை 2002ஆம் ஆண்டு சுவீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். எனவே பொன்னிறத்தில் இறக்குங்கள், கரும்கபிலமாகும்வரை விடாதீர்கள். பச்சை படர்ந்த கிழங்கில் சொலனின் என்ற நச்சு இருக்கக்கூடும். அப்பகுதியைத் தடிப்பாக வெட்டி எறியுங்கள். அதிகம் பச்சையானால் கிழங்கையே விட்டுவிடுங்கள்.

6. செய்முறை (ஐந்து பேருக்கு)

தேவையானவை: அண்டர்கட் 500 கிராம், உருளைக்கிழங்கு 600 கிராம், பெரிய வெங்காயம் 1, உள்ளி 5 பல், இடித்த மிளகு 1 தேக்கரண்டி, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, பட்டர் 1 மேசைக்கரண்டி, தேசிக்காய் பாதி, உப்பு.

1) உறைந்த இறைச்சியானால் முதல் நாளிரவே உறைபகுதியிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். நாருக்குக் குறுக்காக ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டி, நாற்பது நிமிடத்துக்கு முன்பு உப்பிடுங்கள்.

2) கிழங்கை ஒன்றரைச் சென்ரிமீற்றர் சதுரங்களாக வெட்டிக் கழுவுங்கள். தாச்சியில் ஒரே படையாகப் பரப்பி, அரைக் கோப்பை நீர், 2 மேசைக்கரண்டி எண்ணெய், சிறிது உப்புச் சேர்த்து மூடி, நடுத்தர தீயில் 8 நிமிடம் விடுங்கள்.

3) மூடியைத் திறந்து நீரை முற்றாக வற்றவிடுங்கள். இன்னும் 8 நிமிடம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் புரட்டுங்கள். அடிக்கடி கிளறினால் மேலோடு உண்டாகாது. பொன்னிறமானதும் பீங்கானில் எடுத்து வையுங்கள். தாச்சியைக் கழுவ வேண்டாம்.

4) இறைச்சியைச் சுத்தமான துணியால் அல்லது டிசுவால் ஒத்தித் துடைத்து மிளகு தடவுங்கள். மீதி எண்ணெயை விட்டுத் தீயைக் கூட்டி, மெல்லிய புகை தெரியும்போது துண்டுகளை இடைவெளி விட்டு வையுங்கள். மூன்று நிமிடம் தொடாதீர்கள். திருப்பி மேலும் மூன்று நிமிடம். பின் தீயைக் குறைத்து, புரட்டிப் புரட்டி இரண்டு நிமிடம். மூட வேண்டாம். மூடினால் ஆவி இறங்கி மேலோடு நனைந்துவிடும்.

5) இறைச்சியை எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். உடனே வெட்டினால் சாறு பீங்கானில் ஓடிவிடும். சற்று ஆறினால் சாறு தடிப்பாகி உள்ளே தங்கும்.

6) அந்த ஐந்து நிமிடத்தில் தாச்சியில் வெங்காயமும் உள்ளியும் வதக்கி, கால் கோப்பை நீர் விட்டு, அடியில் ஒட்டியிருக்கும் கபிலப் படிவை அகப்பையால் சுரண்டுங்கள். மேலைநாட்டுச் செய்முறைகளில் இவ்விடத்தில் வைன் ஊற்றச் சொல்வார்கள். நமக்கு அது ஆகாது, தேவையும் இல்லை. அப்படிவின் சுவைச் சேர்வைகள் பெரும்பாலும் நீரிலேயே கரைபவை. புளிப்புக்குத் தேசிக்காய் இருக்கிறது. கடைசியில் பட்டர் சேருங்கள். தொடக்கத்தில் சேர்த்தால் அதிலுள்ள பாற்புரதம் கருகிவிடும். கிழங்கையும் இறைச்சியையும் திரும்பப் போட்டுப் புரட்டி இறக்குங்கள்.

முழு வேலையும் அடுப்பில் அரை மணித்தியாலத்துக்குள் முடிகிறது. கழுவ ஒரே தாச்சி. 2022இல் கேஸ் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற எவருக்கும் இந்தச் சிக்கனத்தின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு முக்கிய குறிப்பு: முழுத் துண்டு இறைச்சியில் பற்றீரியாக்கள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கும். அரைத்த இறைச்சியில் அவை உள்ளேயும் கலந்துவிடும். எனவே அரைத்த இறைச்சியை 71 பாகைக்குக் குறையாமல் முற்றாக வேகவைக்க வேண்டும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையையும் கத்தியையும் சவர்க்காரமிட்டுக் கழுவியபின்னரே வேறெதற்கும் பயன்படுத்துங்கள்.

முடிவாக

வாப்பா பயணம் போக இரண்டு நாள் இருக்கும்போது இரண்டாம் முறை செய்தேன். சேமித்து வைத்திருந்த காசில் அண்டர்கட் வாங்கினேன். உம்மா முதல் துண்டை ஒளியில் பிடித்துப் பார்த்து, சிவப்பில்லை என்று உறுதி செய்துகொண்டே வாயில் வைத்தார். உம்மும்மா இரண்டாம் முறையும் கேட்டார். வாப்பா மெதுவாக உண்டார், இம்முறை தாடை வலியால் அல்ல. உண்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "இதக் கடதாசில எழுதித் தாங்க மகள். எங்கட ரூம்ல ஆறு பேர், ஒரு அடுப்பு, ஒரு சட்டிதான் இரிக்கி. வெள்ளிக்கிழமைல செஞ்சி பார்க்கலாம்" என்றார்.

அன்றிரவு எழுதிக் கொடுத்த அந்த ஒரு பக்கக் கடதாசிதான் இக்கட்டுரையின் முதற்பிரதி. அதில் சமன்பாடுகளோ விஞ்ஞானிகளின் பெயர்களோ இருக்கவில்லை. 'நல்லாத் துடைங்க, நெருக்கிப் போடாதீங்க, மூணு நிமிசம் தொடாதீங்க' என்று மட்டும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். அவர் போய்ச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை இரவு தொலைபேசியில் பேசினார். அறையில் இருந்தவர்களின் சத்தத்தில் அவர் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. "சட்டி சின்னன், ரெண்டு தரமாப் போட்டம்" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது.